முத்துக்கரை – 23: கோவில்பட்டிக் காலண்டரும் நியூயார்க் சூப் டப்பாவும்

மன்னார் வளைகுடாவில் 1955 முதல் 1961 வரை நடந்த முத்துக்குளிப்புதான் கடைசி என்பதைச் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். கடல் தந்த பேர்பெற்ற சரக்கு இல்லாமல் போன அதே ஆண்டுகளில், தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் உள்ளே, கரிசல் காட்டில் இருக்கும் கோவில்பட்டியிலிருந்து வேறொரு சரக்கு நாடெங்கும் போய்க்கொண்டிருந்தது. அதைச் சரக்கு என்று யாரும் எண்ணவில்லை. ஏனென்றால் அதற்குத் தனியாக யாரும் காசு கொடுக்கவில்லை. தீப்பெட்டியின் மேல் ஒட்டியிருந்த லேபிளும், கடைக்காரர் வாடிக்கையாளருக்குக் கொடுத்த காலண்டரும்தான் அந்தச் சரக்கு. கடற்கரையின் வரலாற்றில் கோவில்பட்டிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். 1986-இல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்த தூத்துக்குடி மாவட்டத்தில் அது அடக்கம்; அங்கே செய்யும் தீப்பெட்டி கப்பலேறுவதும் தூத்துக்குடியில்தான். இவற்றைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. லண்டனிலும் நியூயார்க்கிலும் 1950-களிலும் 60-களிலும் எழுந்த பாப் ஆர்ட் என்னும் கலை இயக்கம் அன்றாடப் பொருளையும், பிரபலங்களின் முகத்தையும், அச்சுப் பிரதியையும் கலையாக்கியது என்று கலை வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அந்த மூன்றையும் கையில் எடுத்துக்கொண்டு, எதிர்த்திசையில் நடந்த ஒரு பயணம் இந்த மாவட்டத்தில் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது என்பது என் வாதம். அங்கே ஓவியன் கடையிலிருந்து காட்சிக்கூடத்துக்குப் போனான். இங்கே ஓவியப் பள்ளியிலிருந்து கடைக்கு வந்தான்.

மேற்கில் நடந்த பயணத்தை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1956-இல் லண்டன் வொயிட்சாப்பல் காட்சிக்கூடத்தில் நடந்த கண்காட்சியை ஒட்டி, அமெரிக்கப் பத்திரிகைகளிலிருந்து வெட்டிய படங்களைக் கொண்டு ரிச்சர்ட் ஹாமில்டன் ஒரு ஒட்டுப்படம் செய்தார். 1962 ஜூலையில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் ஃபெரஸ் காட்சிக்கூடத்தில் ஆண்டி வார்ஹோல் கேம்ப்பெல் சூப் டப்பாக்களை 32 சிறு ஓவியங்களாக வரிசையாக வைத்தார். கம்பெனி விற்ற சூப் வகைகள் 32. அதனால் ஓவியங்களும் 32. அடுத்த மாதம் மர்லின் மன்றோ இறந்தார். 1953-இல் வந்த ‘நயாகரா’ படத்தின் விளம்பரப் புகைப்படம் ஒன்றிலிருந்து அவர் முகத்தைப் பட்டுத்திரை அச்சில் எடுத்து, ஒரே படத்தில் 50 முறை பதித்தார் வார்ஹோல். 1964-இல் பிரில்லோ சோப்புப் பஞ்சுப் பெட்டிகளைப் போலவே மரப்பெட்டிகள் செய்து அடுக்கினார். அதைப் பார்த்துத்தான், கடையில் இருக்கும் பெட்டி கலையாகாமல் காட்சிக்கூடத்தில் இருக்கும் பெட்டி கலையாவது எதனால் என்ற கேள்வியை ஆர்தர் டான்டோ என்ற தத்துவப் பேராசிரியர் அந்த ஆண்டிலேயே எழுப்பினார். கடையில் இருந்த அசல் பிரில்லோ அட்டைப்பெட்டியை வடிவமைத்தவர் ஜேம்ஸ் ஹார்வி. அவரும் ஓவியர்தான், பிழைப்புக்காகப் பெட்டி வரைந்தவர். வார்ஹோலின் பெட்டி அருங்காட்சியகத்துக்குப் போயிற்று, ஹார்வியின் பெட்டி குப்பைக்குப் போயிற்று. கோவில்பட்டிக் கதையில் நமக்கு வேண்டியவர் இந்த ஹார்விதான்.

தீப்பெட்டி இந்த வறண்ட நிலத்துக்கு வந்தது வரியால். சுவீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்த தீப்பெட்டிக்கு 1922-இல் அரசு கடும் சுங்கம் விதித்தது. அந்தக் காலத்தில்தான் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். மழை குறைவு, காற்றில் ஈரம் இல்லை, விவசாயம் பொய்த்த நிலத்தில் வேலைக்கு ஆள் நிறைய. தொழில் சிவகாசியிலிருந்து சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம் என்று பரவியது. தொழிற்சாலை என்று சொன்னால் இந்தப் பக்கத்தில் யாருக்கும் ஒட்டாது. இங்கே அது தீப்பெட்டி ஆபீஸ். உற்பத்தி கூடக்கூடக் கலால் வரியும் கூடியதால் ஆபீசைப் பெரிதாக்குவதைவிட எண்ணிக்கையைப் பெருக்குவதே லாபம் என்று ஆயிற்று. சிறு ஆபீசுகள் நூற்றுக்கணக்கில் முளைத்தன. எல்லாருடைய குச்சியும் ஒன்றுதான், மருந்தும் ஒன்றுதான், விலையும் ஒன்றுதான். ஒருவர் சரக்கை இன்னொருவர் சரக்கிலிருந்து பிரித்துக் காட்ட இருந்தது, பெட்டியின் மேல் இரண்டு விரல் அகலத்துக்கு ஒட்டிய காகிதம் மட்டுமே.

அந்தக் காகிதத்தில் என்ன வரைந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். வாங்குகிறவர்களில் பாதிக்கு மேல் எழுத்து வாசிக்கத் தெரியாத காலம் அது. கடையில் பெயர் சொல்லிக் கேட்க முடியாது; படத்தைச் சொல்லித்தான் கேட்க வேண்டும். எனவே வாயால் சட்டென்று சொல்லக்கூடிய பொருளே லேபிளுக்கு உகந்தது. சாவி, கத்தரிக்கோல், கடிகாரம், டெலிபோன், கப்பல், தாமரை, மயில், புலி, பிறகு ராக்கெட். ஒரே ஒரு பொருள், நடுவில், பெரிதாக, பின்னணி எதுவும் இல்லாமல், மஞ்சள் சிவப்பு நீலம் என்று கலக்காத நிறத்தில். பாப் ஆர்ட்டின் இலக்கணம் என்று கலை மாணவர்களுக்குச் சொல்லித்தரப்படும் அம்சங்களில் பெரும்பாலானவை இந்த வரிகளுக்குள் இருக்கின்றன. இந்த இலக்கணம் எந்த அறிக்கையிலிருந்தும் பிறக்கவில்லை. நிறம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஓட வேண்டிய அச்சு இயந்திரமும், காசில் கணக்குப் பார்க்கும் முதலாளியும், பெயர் வாசிக்கத் தெரியாத வாடிக்கையாளரும் சேர்ந்து உண்டாக்கியது. லேபிளை வெளியூரில் அடித்து வாங்கும் செலவைத் தவிர்க்கத்தான் சிவகாசிக்கு லித்தோ இயந்திரங்கள் வந்தன என்பதும் நினைவில் இருக்கட்டும். இந்தியாவின் அச்சுத் தலைநகரம் என்று பின்னால் பேர் வாங்கிய ஊருக்கு அந்தத் தொழில் தீப்பெட்டியின் முதுகில் ஏறித்தான் வந்தது. ஒரு லேபிள் நன்றாக ஓடினால் அதே நிறம், அதே சட்டம், பெயரில் ஓர் எழுத்து மட்டும் மாறிய இன்னொரு லேபிள் சந்தைக்கு வந்துவிடும். கையெழுத்தில்லாத, அசல் எது என்று கேட்க முடியாத, திரும்பத் திரும்ப வரும் படம். வார்ஹோல் பெரும்பாடுபட்டு எட்டிய இடத்தை இந்த ஊர் கள்ளத்தனத்தாலேயே எட்டிவிட்டது என்று சொன்னால் குறும்பாக இருக்கும், பொய்யாக இராது.

லேபிளில் ஓவியருக்குப் பெயர் இல்லை. காலண்டரில் இருந்தது. அங்கேதான் சி. கொண்டையராஜு வருகிறார். 1898-இல் பிறந்தவர், சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர், திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் சில காலம் இருந்தவர், நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதியவர். நாடகத்தோடு ஊர் ஊராகச் சுற்றி, 1940-களில் கோவில்பட்டியில் தங்கிவிட்டார். 1976-இல் இறக்கும்வரை அதுதான் அவர் ஊர். சிவகாசி அச்சகங்களுக்கு அவரும், டி.எஸ். சுப்பையா, டி.எஸ். அருணாசலம், மு. ராமலிங்கம் முதலிய சீடர்களும் எழுதிக்கொடுத்த லட்சுமி, சரஸ்வதி, முருகன், மீனாட்சி கல்யாணப் படங்கள் தமிழ் வீடுகளின் பூஜை அறைகளை நிறைத்தன. பல படங்களில் குருவின் கையெழுத்தோடு சுப்பையாவின் கையெழுத்தும் சேர்ந்திருக்கும். நாடகத் திரையிலிருந்து வந்ததன் தடம் அந்தப் படங்களில் தெளிவாகத் தெரியும்: தெய்வம் மேடையில் நிற்கும் நடிகரைப் போல முன்னால் வந்து, நேராகப் பார்வையாளரைப் பார்க்கும், பின்னால் மலையும் அருவியும் தூண்களும் படுதாவாகத் தொங்கும். கனடா நாட்டு ஆய்வாளர் ஸ்டீபன் இங்லிஸ் இவரைப் பற்றி விரிவாக எழுதியதால்தான் கலை வரலாற்று உலகம் கோவில்பட்டியின் பெயரைக் கேட்டது.

இந்தப் படங்கள் மக்களிடம் போன வழியும் தெரிந்துகொள்ள வேண்டியது. இன்றும் சிவகாசியில் அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பங்கள் ஆடி 18 அன்று பூஜை போட்டு வெளியாகின்றன. ஏஜெண்டுகள் ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். மளிகைக் கடைக்காரரோ ஜவுளிக் கடைக்காரரோ ஒரு படத்தைத் தேர்ந்தெடுப்பார். அடியில் காலியாக விட்ட இடத்தில் அவர் கடைப் பெயர் ஏறும். மேலே தகரப் பட்டை அடித்துப் புத்தாண்டுக்குள் சரக்கு வந்துவிடும். ஒரே முருகன் தூத்துக்குடியில் உப்பு வியாபாரி பெயரோடும் திருச்சியில் பாத்திரக் கடைப் பெயரோடும் தொங்குவார். ஆண்டு முடிந்ததும் தேதித்தாளைக் கிழித்துவிட்டுப் படத்தைக் கண்ணாடி போட்டு மாட்டிக்கொள்வது வழக்கம். விளம்பரப் பொருள் சாமி படமாக மாறும் அந்தக் கணத்தை, டான்டோவின் கேள்விக்கு நம்மூர் வீடுகள் கொடுத்த பதிலாக எடுத்துக்கொள்ளலாம். பொருள் மாறவில்லை, இடமும் அதே சுவர்தான். மாட்டியவர் எடுத்த முடிவே அதை வேறொன்றாக்கியது. இந்திய அச்சுப் படங்களின் சந்தையை ஆராய்ந்த கஜ்ரி ஜெயின் சொல்வதும் இதற்கு அண்மையில் இருக்கிறது: இத்தகைய படத்தின் மதிப்பு ஒரே ஒரு அசலில் இல்லை, அது கை மாறிப் போவதில் இருக்கிறது.

இங்கே மறுப்புகள் எழும். முதலாவது, பாப் ஆர்ட் கிண்டல் கலந்தது, விலகி நின்று பார்ப்பது. காலண்டரோ பக்தியும் வியாபாரமும் கலந்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்பது. வேறுபாடு உண்மையானது, அதை மறைக்க வேண்டியதில்லை. கொண்டையராஜு லட்சுமியை வரைந்தபோது சந்தைப் பண்பாட்டைப் பற்றி எந்தக் கருத்தும் சொல்லவில்லை. ஆனால் வார்ஹோலின் பக்கத்தையும் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும். பிட்ஸ்பர்க் நகரில், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறிய கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, திருச்சுரூபப் படங்கள் வரிசையாக நிற்கும் பைசாந்திய மரபுக் கோயிலுக்குப் போய் வளர்ந்தவர் அவர். 1962-இல் அவர் செய்த இன்னொரு மர்லின் படத்தில் பொன் பூசிய பரப்பின் நடுவில் அந்த முகம் தனித்திருக்கிறது. அதைக் கிண்டல் என்று மட்டும் படிக்கச் சிரமமாக இருக்கும். பனிமய மாதாவின் பொன் தேரைப் பார்த்த தூத்துக்குடிக்காரர்களுக்கு அந்தப் பொன் எதற்கு என்று விளக்கவே வேண்டாம். கிண்டல் படத்துக்குள் இருப்பதைவிட, அதைத் தொங்கவிட்ட வெள்ளைச் சுவரில் அதிகம் இருக்கிறது என்பது என் எண்ணம். இந்தியாவிலேயே இதற்குச் சான்று உண்டு. பரோடாவில் கணக்கராகப் பிழைத்த பூபேன் கக்கர் 1965 வாக்கில் சந்தையில் விற்ற சாமி படங்களை வெட்டி ஒட்டிப் பம்பாயில் காட்சிக்கு வைத்தார். இந்தியாவின் முதல் பாப் ஓவியர் என்று பேர் வாங்கினார். 2016-இல் லண்டன் டேட் மாடர்னில் அவருக்குத் தனிக் கண்காட்சி நடந்தது. கக்கர் பெரிய கலைஞர், அதில் எனக்குச் சந்தேகமில்லை. வெட்டி ஒட்டியவர் கலைஞர், வெட்டப்பட்டதை வரைந்தவர் கைவினைஞர் என்ற பிரிவினையில்தான் சந்தேகம்.

இரண்டாவது மறுப்பு சென்னையிலிருந்து வரும். கொண்டையராஜு பயின்ற அதே பள்ளிக்கு 1957 முதல் தலைமையேற்ற கே.சி.எஸ். பணிக்கரின் தலைமுறைக்குக் காலண்டர் ஓவியம் என்றால் வசைச்சொல். ரவிவர்மாவின் எச்சம், சினிமாத்தனமான இனிப்பு, சொந்தக் கற்பனை இல்லாதது என்பது குற்றச்சாட்டு. 1966-இல் சோழமண்டலம் கிராமத்தை உருவாக்கிய அவர்கள் எழுத்துருக்களிலும் யந்திரங்களிலும் சோதிடக் கட்டங்களிலும் தங்கள் நவீனத்தைத் தேடினார்கள், தீப்பெட்டியில் தேடவில்லை. இனிப்பு என்ற குற்றச்சாட்டை நான் ஏற்கிறேன். கொண்டையராஜு வழிவந்த படங்களில் பெரும்பகுதி திகட்டும். ஐந்து லட்சுமிகளைச் சேர்த்துப் பார்த்தால் ஆறாவதைப் பார்க்கத் தோன்றாது. சொந்தக் கற்பனை இல்லை என்பதை மட்டும் ஏற்க முடியாது. சூப் டப்பாவை உள்ளபடியே வரைந்தவரைக் கற்பனை இல்லாதவர் என்று தள்ளாத ஒருவர், கேட்ட மாதிரி எழுதிக்கொடுத்த கோவில்பட்டிக்காரரை மட்டும் தள்ளுவதற்கு நியாயம் இல்லை. எந்த அளவுகோலானாலும் இருவருக்கும் ஒன்றாக இருக்கட்டும்.

மூன்றாவதுதான் வலுவானது. பாப் ஆர்ட் அளவுக்கு மீறிய நுகர்வின் பிள்ளை. சூப் 32 வகை விற்கும் நாட்டில் பிறந்தது. 1950-களின் கரிசல் காடு பஞ்சத்தில் இருந்தது. அங்கே எப்படி அது என்று கேட்கலாம். ஆனால் ஹாமில்டனின் பிரிட்டனும் செழிப்பில் இல்லை. அங்கே உணவுப் பங்கீடு 1954-இல்தான் முடிந்தது. அமெரிக்கப் பத்திரிகையிலிருந்து அவர் வெட்டியது தன்னிடம் இல்லாத வளத்தை. இல்லாதவன் வீட்டுக்கு உள்ளவன் உலகத்தின் படம் போய்ச் சேருவதுதான் இரண்டிடத்திலும் நடந்தது. எண்ணெய்ச் சாயப் படம் வாங்க வழியில்லாத வீட்டுக்குப் பலவண்ண லட்சுமி பொற்காசு கொட்டிக்கொண்டு சும்மா வந்தாள். சும்மா கொடுத்து ஆள் பிடிக்கும் உத்தியும் இந்தக் கரைக்குப் புதிதல்ல, வ.உ.சி.யின் சுதேசிக் கப்பலை முறியடிக்க ஆங்கிலேயக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்து, கடைசியில் குடை வரை இலவசமாகக் கொடுத்த கதையை இத்தொடரில் முன்பே சொல்லியிருக்கிறேன்.

பொருளை விட்டு இனி முகத்துக்கு வருவோம். பிரபலத்தின் முகம் பெருகிப் பெருகி ஆளையே மறைத்துவிடும் என்பதுதான் மர்லின் படங்கள் காட்டுவது. அதற்கு நம் மாவட்டத்தில் கிடைக்கும் சான்று வார்ஹோலிடம்கூட இல்லை. வீரபாண்டிய கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். அவரை நேரில் பார்த்து வரைந்த படம் என்று நம்பத்தக்கதாக எதுவும் இல்லை. 1959-இல் பி.ஆர். பந்துலுவின் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ வந்தது. மறு ஆண்டு கெய்ரோ ஆசிய-ஆப்பிரிக்கப் பட விழாவில் சிவாஜி கணேசன் சிறந்த நடிகர் விருது பெற்றார். அதன் பிறகு கட்டபொம்மனை எந்தச் சுவரில் வரைந்தாலும், எந்த மாறுவேடப் போட்டியில் போட்டாலும் அந்த மீசையும் அந்த நிலையும்தான். தூக்கிலிட்ட இடத்தருகே நிலம் வாங்கி 1970-இல் சிலை நிறுவியவரும் சிவாஜி கணேசனே. வேடம் போட்டவர் அசலுக்குச் சிலை வைக்கிறார். சிலையைப் பார்ப்பவர் வேடம் போட்டவரை நினைக்கிறார். இது சினிமா மோகம், கலை அல்ல என்று ஒதுக்குபவர்கள் அடுத்த சான்றையும் பார்க்க வேண்டும். கட்டபொம்மன் படம் வந்து இரண்டு ஆண்டு கழித்து அதே இயக்குநர், அதே நடிகர், ‘கப்பலோட்டிய தமிழன்’. வ.உ.சி.க்குப் புகைப்படம் இருந்தது. எனவே அங்கே நடிகர்தான் படத்துக்கு ஏற்பத் தலைப்பாகையும் கோட்டும் அணிந்து தன்னை மாற்றிக்கொண்டார். வ.உ.சி.யின் முகத்தைச் சிவாஜியால் கைப்பற்ற முடியவில்லை. ஒரே ஒரு அசல் புகைப்படம் இருந்தாலும் பிரபலத்தின் முகம் அதனிடம் தோற்கும், இல்லாவிட்டால் அதுவே அசலாகிவிடும் என்று இதிலிருந்து சொல்லலாம். எட்டயபுரத்துப் பாரதி மூன்றாவது வகை. விரல்விட்டு எண்ணக்கூடிய புகைப்படங்களே உள்ள அவர் முகம், தலைப்பாகை, மீசை, இரண்டு கண் என்று சுருங்கி, மூன்று தீற்றலில் பள்ளிச் சுவரிலும் பனியனிலும் ஏறிவிட்டது. சே குவேராவுக்கு நேர்ந்ததும் இதுதான்.

ஒரு குற்றச்சாட்டுக்கு மட்டும் என்னிடம் முழுப் பதில் இல்லை. வார்ஹோல் தன் கூடத்துக்கு ஃபேக்டரி என்று பெயர் வைத்தது விளையாட்டு. இங்கே ஆபீசுகளில் விடியுமுன் வேனில் ஏற்றிவரப்பட்ட சிறுமிகள் கட்டையில் குச்சி அடுக்கினார்கள், பெட்டி ஒட்டினார்கள், லேபிள் ஒட்டினார்கள். 1986-இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்த பிறகும் அது உடனே நிற்கவில்லை. 1990-இல் வந்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்ற ஆவணப்படம் அதைக் காட்டியது. லேபிளின் அழகைப் பேசுகிறவர் இதைப் பேசாமல் விட்டால் அது வரலாறு ஆகாது. ஆனால் அந்தக் காரணத்துக்காக லேபிளையே வரலாற்றிலிருந்து நீக்கினால், அதை ஒட்டிய விரல்களையும் சேர்த்தே நீக்குகிறோம். பணக் கணக்கிலும் இரு பயணங்களும் எவ்வளவு விலகிப் போயின என்று பாருங்கள். 2022 மே மாதம் வார்ஹோலின் மர்லின் படங்களில் ஒன்று 19.5 கோடி டாலருக்கு ஏலம் போயிற்று. அதற்கு ஐந்து மாதம் முன்பு, 2021 டிசம்பரில், 14 ஆண்டுகளாக ஒரு ரூபாயில் நின்றிருந்த தீப்பெட்டி இரண்டு ரூபாய் ஆனது. காலண்டர் ஓவியர்களுக்கோ எழுதிக்கொடுத்த அன்று வாங்கிய கூலியோடு சரி. லட்சக்கணக்கில் அடித்த பிரதிகளில் பங்கு கிடையாது.

கொண்டையராஜுவின் பெயர் தமிழ்நாட்டுக் கலை வரலாற்றில் அடிக்குறிப்பாக வரக்கூடாது, பணிக்கரின் பெயருக்குப் பக்கத்தில் வர வேண்டும் என்பது என் முடிவு. அதற்கு முதலில் படங்கள் வேண்டும். பழைய வீட்டை இடிக்கும்போதோ வெள்ளையடிக்கும்போதோ கண்ணாடி போட்ட சாமி படம் கிடைத்தால், எடைக்குப் போடுமுன் கீழ் மூலையில் கையெழுத்து இருக்கிறதா, அச்சகப் பெயர் இருக்கிறதா, எந்தக் கடை எந்த ஆண்டு கொடுத்தது என்று பாருங்கள்; பின்பக்கம் பென்சிலால் எழுதி வையுங்கள். பழைய தீப்பெட்டி லேபிள் சேர்த்து வைத்திருப்பவர்கள் நகல் எடுத்துப் பத்திரிகை முகவரிக்கு அனுப்பினால் இத்தொடர் நூலாகும்போது பயன்படும். அடுத்த அத்தியாயம் உப்பளங்கள் பற்றியது.